யவன காவியமும் துயராற்றுதலும்

இலியட் என்னும் யவனப் பெருங்காப்பியத்தைத் தமிழறிஞர் பெரிதும் இருவகையாக நோக்கினர். வ. வே. சு. ஐயர் பல்லாரிச் சிறையிலிருந்து ஆங்கிலத்தில் எழுதிய கம்பராமாயண ஆராய்ச்சி, அவர் 1925-இல் மறைந்து பல்லாண்டு கழித்து 1950-இல் வெளிவந்தது. அதன்கண் கம்பரை ஹோமர், வர்ஜில், மில்டன் ஆகியோரோடு நிறுத்திக் கவிநலம் சீர்தூக்கினார். க. கைலாசபதி 1968-இல் வெளியிட்ட நூலில் சங்கச் செய்யுட்களை ஹோமரின் வீரப்பாடல் மரபோடு ஒப்பிட்டார். இரண்டும் போற்றற்குரியனவே. ஆயினும், மகனை இழந்தானொருவன் இக்காப்பியத்தை ஓதின் அவனுக்கு ஆறுதல் உண்டோ, உண்டெனின் அஃது எத்தகைத்து என்பது அவற்றின் நோக்கமன்று. சைவ நன்மக்கள் வினவற்பாலது அதுவேயாம்.

இவ்வினாத் தொண்டைநாட்டார்க்குப் புறம்பெனக் கருதற்க. செங்கற்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்திற்குத் தெற்கே பாலாறு கடலொடு கலக்குமிடத்தை அடுத்த வசவசமுத்திரத்தில், தொல்லியல் துறையினர் அகழ்ந்தபொழுது யவனர் மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. கி. பி. முதல் நூற்றாண்டிலும் அதனையடுத்தும் வாழ்ந்த தியோன் கிரிசொஸ்தம் என்னும் கிரேக்க நாவலர், பிரையம் என்னும் முதுவேந்தன் பட்ட துயரை இந்தியரும் தம்மொழியில் அறிவர் என எழுதினார். அவர் கேள்வியுற்றது மகாபாரதமே என்பாருளர். அங்ஙனமாயின், வேறுபாடு ஒன்று நோக்கத்தக்கது. மக்களைக் கொன்ற வீமனைத் தழுவி நெரிக்கக் கருதினான் திருதராட்டிரன். பிரையமோ தன் மகன் ஹெக்டரைக் கொன்ற அக்கிலீஸின் கைகளை முத்தமிட்டான்.

காப்பியத்தின் இறுதியாகிய இருபத்துநான்காம் காண்டத்தில் இது நிகழ்கின்றது. நள்ளிரவிற் பகைவன் பாசறை புகுந்த கிழவன், அவன் முழந்தாளைப் பற்றி, ‘நின் தந்தையை நினைத்துப் பார்’ என்று மகனது உடலை இரக்கின்றான். அக்கிலீஸ் தன் தந்தையையும், இறந்த தோழன் பட்ரோகுளுஸையும் எண்ணி அழுகின்றான். பிரையம் மகனை எண்ணி அழுகின்றான். ஒருவன் அழுகைக்குப் பொருள் வேறு, மற்றவன் அழுகைக்குப் பொருள் வேறு. ஆயினும் அழும் இடம் ஒன்று. பின்னர் இருவரும் உணவு கொள்கின்றனர். அடக்கத்தின்பொருட்டுப் பதினொரு நாள் போர் ஒழிகின்றது. பன்னிரண்டாம் நாள் மீண்டும் போரே. ஹோமர் இதற்குமேல் ஒன்றும் பொய்யாக வாக்களித்திலர்; அவர் பெருமை அது.

அவ்விரவில் அக்கிலீஸ் கூறும் ஆறுதல் யாது? ஸீயஸின் வாயிலில் நன்மைச் சாடியும் தீமைச் சாடியும் உள. அவன் சிலர்க்கு இரண்டும் கலந்தும், சிலர்க்குத் தீமையே தனித்தும் அளிக்கின்றான் என்பது. ஏன் என்னும் கேள்விக்கு விடையில்லை. இருவினைப் பயனை உயிர்கள் தாம் ஈட்டியவாறே ஊட்டி, அதனால் மலபரிபாகம் எய்துவிக்கும் முதல்வன் ஒருவன் உளனென்னும் சித்தாந்தத்திற்கு இஃது எட்டாத் தொலைவில் நிற்கின்றது. அன்றியும் ஸீயஸ் தன் மகன் சார்ப்பிடன் போரில் இறக்கப்போவதறிந்தும் காவாது, குருதி மழை பெய்து வருந்தினன் என அக்காப்பியமே கூறும். வருத்தத்துக்கும் விதிக்கும் உட்பட்டவன் பதியாகான். நம் நூல்கள் இந்திரனை வைக்கும் பசுவருக்கத்தே அவனையும் வைத்தல் தகும்.

ஆயின், இதுகொண்டு அக்காப்பியத்தைக் கீழே வைத்துவிடுதல் எளிது; நேர்மையன்று. ஏனெனின், விடையுடையார் பலர் ஆற்றுவிக்க அறிந்திலர். ஈமக்கடன் முடியுமுன்னே தாய்முன் சென்று ‘எல்லாம் வினைப்பயன்’ என்று கூறிப் போவார் யாண்டும் உளர். அவர் சொல் சாத்திரத்தின் வழுவியதன்று, இரக்கத்தின் வழுவியது. விடையறியா யவன வீரன் உடனிருந்து அழுதான், உணவிட்டான், துயில இடம் தந்தான்.

இனி, நம்மிடத்து இதற்கு ஒப்பு நாடுவார் சிறுத்தொண்டரை நினைப்பர். மாமல்லபுரத்திற்குப் பெயர் தந்த மாமல்லனாகிய நரசிங்கவர்மனின் படைத்தலைவராய் 642-இல் வாதாபியை வென்ற பரஞ்சோதியாரே அவர் என்பது வரலாற்றாசிரியர் பலர் கருத்து. நகரழித்த வீரர் என்னும் அளவில் அவர் அக்கிலீஸை ஒப்பர். ஆனால் அவர் மைந்தனைக் கறியாக்கிய வன்றொண்டு, துயருறுவார்க்கு ஆறுதல் கூறும் வரலாறன்று. அங்குத் துயரே இல்லை. எளிய தந்தை அவரைத் தொழுவான். உடன் நடத்தல் அரிது. பிரையமோடு நடப்பான்.

அவ்வெளிய தந்தைக்குச் சேக்கிழார் வைத்தது மயிலைச் சிவநேசரை. அரவு தீண்டி இறந்த பூம்பாவையின் என்பையும் சாம்பரையும் குடத்திலிட்டுக் கன்னிமாடத்தே வைத்து, அன்றாடம் அணிசெய்து போற்றியவர் அவர். உலகியலறிந்தார் இதனைப் பித்து என்பர். ஞானசம்பந்தப் பிள்ளையார் அங்ஙனம் சொல்லிற்றிலர். வினையின் இயல்பை விரித்துரைத்தும் நின்றிலர். குடத்தைக் கபாலீச்சரத்துத் திருமதிற்புறத்தே கொணர்வித்து, ஓணமும் கார்த்திகை விளக்கீடும் ஆதிரையும் பூசமும் காணாது போதியோ என்று அப்பெண்ணையே வினவிப் பாடினார்.