முட்டையை எண்ணாதீங்க, குஞ்சை எண்ணுங்க

நாட்டுக்கோழி வளர்ப்பு பற்றிய கையேட்டைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரு ஒப்பீடு கண்ணில் படும். நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டை, நாமக்கல் பண்ணையில் நிற்கிற லேயர் கோழி 300-க்கும் மேல். அடுத்த வரியிலேயே முடிவும் தயாராக இருக்கும்: நாட்டுக்கோழிக்கு உற்பத்தித்திறன் குறைவு, இனத்தை மாற்றணும். எனக்கு அந்த எண்களோடு சண்டை இல்லை, அந்த முடிவோடுதான். அளக்க வேண்டிய பொருளை விட்டுட்டு வேறொன்றை அளந்திருக்கிறார்கள்.

சேரன்மகாதேவி பக்கம் எங்க ஆச்சி வீட்டில் எப்பவும் ஐந்தாறு பெட்டைகள் திரியும். ஆச்சி முட்டை விற்று நான் பார்த்ததில்லை. "முட்டைய வித்தா இன்னைக்குக் காசு. குஞ்சு நின்னாத்தாம்ல கோழி" என்பாள். அவள் விற்றது சேவல். சுடலைமாடன் கோயில் கொடைக்கு நேர்ந்துகொண்டவர்கள் வீடு தேடி வந்து சொன்ன விலைக்கு வாங்கிட்டுப் போவாங்க. அந்தக் காசு அவள் சுருக்குப்பைக்குப் போகும். தாத்தா கணக்குக் கேட்டதில்லை.

ஆச்சியின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். ஒரு பெட்டை 15 முட்டை இட ஏறக்குறைய 20 நாள். அடையில் 21 நாள். பிறகு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அலைவது இரண்டு, இரண்டரை மாதம். ஆக ஒரு சுற்றுக்கு நாலு மாதம், வருஷத்துக்கு மூன்று சுற்று, 45 முட்டை. குறைவுதான். ஆனால் அந்த நாலு மாதத்தில் அதே கோழி குஞ்சு பொரிக்கும் இயந்திரம், குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் விளக்கு, மேய்ச்சல் வாத்தியார் என மூன்று வேலையும் பார்க்கிறது. 300 முட்டை லேயர் அடைக்கே உட்காராது. வயதானதும் இன்னொன்றை விலை கொடுத்துத்தான் வாங்கணும்.

சரி, நஷ்டம் எங்கே? ஒரு சுற்றில் 12 குஞ்சு பொரிந்து 3 தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 9 கோழி. 6 தேறினால் 18. ஒரு முட்டைகூடக் கூடாமல் வருமானம் இரட்டிப்பு! முட்டை எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற ஒப்பீட்டில் இந்த மாற்றம் தெரியவே தெரியாது.

குஞ்சைப் பருந்து தூக்கும், கீரி பிடிக்கும், மழையில் நனைந்தும் சாகும். முதல் மூன்று, நான்கு வாரம் பஞ்சாரத்தில் அடைத்துக் குருணை போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் கூட்டத்தையே வழித்துக்கொண்டு போவது வெள்ளைக்கழிச்சல். 1920-களில் குமாவூன் மலையில் ராணிக்கேத் ஊரில் கண்டறிந்ததால் இந்தியாவில் அதற்கு ராணிக்கேத் நோய் என்றே பெயர்.

இங்கே நாட்டுக்கோழி ஆர்வலர்களையும் கொஞ்சம் இடிக்கணும். "நாட்டுக்கோழிக்கு நோயே வராது" என்று பெருமை பேசுகிறோமே, அது பொய். வெயில் ஏறும்போது கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் தெருவே காலியாகும். பங்குனி, சித்திரைக் கொடைக்காகச் சேவல்கள் ஊர்விட்டு ஊர் போகிற காலமும் அதுதான். நோய்க்கு இதைவிட நல்ல வண்டி கிடைக்காது.

தடுப்பூசி இருக்கிறது. ஆனால் அது பண்ணைக்கு ஏற்ற அளவில், நூற்றுக்கணக்கான கோழிக்கு ஒரே குப்பியாக வருகிறது, குளிர்ச்சியும் கெடக் கூடாது. எட்டுக் கோழி வைத்திருக்கிறவள் என்ன செய்வாள்? இந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டுதான் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீவனத்தோடு கொடுக்கிற குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியது. மொசாம்பிக் நாட்டில் வெப்பம் தாங்கும் ஐ-2 வகை மருந்தைக் கிராமத்துப் பெண்களே கோழியின் கண்ணில் சொட்டு விடக் கற்றுக்கொண்டார்கள். நம்ம ராமையன்பட்டியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்தக் குருணை ஒவ்வொரு தெருவுக்கும் வருஷம் தவறாமல் போய்ச் சேரணும்.

என் வாதத்திலும் ஒரு ஓட்டை உண்டு. தெருவில் கிடைக்கிற இரைக்கு ஓர் எல்லை இருக்கிறது. கார், பிசானம் இரண்டு அறுப்புக்கும் களத்தில் சிந்திய நெல்தான் ஆற்றங்கரைக் கோழிகளுக்குத் தீவனம். இப்போ அறுவடை இயந்திரம் வயலிலேயே அடித்து மூட்டை ஏற்றிவிடுகிறது. அதனால் 18 கோழி தேறினால் கைத்தீவனமும் கொஞ்சம் போட்டாகணும். லாபம் காகிதத்தில் தெரிகிற அளவு வராது.

இருந்தாலும் கேள்வி மாறவில்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டின் புழக்கடைக் கோழிகள் முந்தைய கணக்கைவிட 45.8 சதவீதம் கூடியிருந்தன. பண்ணைக் கோழிகளின் வளர்ச்சி 4.5 சதவீதம்தான். இத்தனை வீட்டுக் கோழி இருக்கும்போது, கோழி கொடுக்கிற திட்டங்களை "எத்தனை கொடுத்தோம்" என்று அளக்கக் கூடாது. ஆறு மாதம் கழித்துப் போய் "எத்தனை நிற்குது?" என்று கேட்கணும். ஆச்சி தினமும் சாயங்காலம் பஞ்சாரத்தைக் கவிழ்க்கும்போது அதைத்தான் எண்ணினாள்.