ஞாயிறு நாலரை மணிக்குச் செல்லூரில் திருவிழா

எங்கள் வாசிப்பு வட்டத்தைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டால் போதும், நான் ஒரு மணி நேரம் பேசுவேன். மதுரை செல்லூரில், தறிச் சத்தம் கேட்கும் ஒரு தெருவில், ஒரு வீட்டு மொட்டை மாடியில் கூடுகிறோம். மேலே கீற்றுப் பந்தல், கீழே இரண்டு பெரிய ஜமுக்காளம், மாடி அறையில் ஒரு பழைய அலமாரி நிறையக் கதைப் புத்தகங்கள். எங்கள் சொத்து அவ்வளவுதான். ஆனால் ஞாயிறு மாலை நாலரை மணிக்குப் படிக்கட்டில் தடதடவென்று பிள்ளைகள் ஏறி வரும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை நான் வேறெங்கும் கண்டதில்லை!

நாங்கள் தன்னார்வலர்கள் ஐந்தாறு பேர். கல்லூரி மாணவி ஒருத்தி, ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், தறி வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், வங்கியில் வேலை பார்க்கும் நான். பிள்ளைகளுக்கு நாங்கள் எல்லாரும் அக்கா, அண்ணன்தான். தமிழாசிரியை மட்டும் பாட்டி. அவர் நரி பேசுவதுபோல் குரலை மாற்றினால், கீழ் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவர்கூட மேலே எட்டிப் பார்ப்பார்.

முதல் அரை மணி நேரம், பெரியவர் ஒருவர் ஒரு படக்கதையை வாய்விட்டு வாசிப்பார். புத்தகத்தை நெஞ்சுக்கு நேராக, படம் பிள்ளைகளைப் பார்த்தபடி பிடித்துக்கொள்ள வேண்டும். விரல் வரியோடு நகர வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பக்கத்தைப் புரட்டும் முன் நிறுத்துவது. விரலால் தாளின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “அடுத்து என்ன நடக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள்! “கிணத்துக்குள்ள விழுந்துரும்!” “இல்லக்கா, அது அம்மாவைத் தேடிப் போகும்!” என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஒரு ஞாயிறு, இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மட்டும் வாயைத் திறக்காமல், படத்தின் ஒரு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முழங்காலால் நகர்ந்து வந்து, புதருக்குள் தெரிந்த வால்நுனியைத் தொட்டுக் காட்டினான். நாங்கள் யாருமே கவனிக்காத வால்! பக்கத்தைப் புரட்டினால் அங்கே புலி நிற்கிறது. அன்று அவன் முகத்தில் வந்த பெருமிதத்தைப் பார்க்க நான் எத்தனை ஞாயிறையும் கொடுப்பேன். எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைதான், ஆனால் படத்தை எவ்வளவு ஆழமாக வாசிக்கிறது!

வாய்விட்டு வாசிப்பதற்கு இன்னொரு பெரிய பலன் உண்டு. பிள்ளைகள் வீட்டில் பேசுவது மதுரைத் தமிழ். புத்தகத்தில் இருப்பது எழுத்துத் தமிழ். “போயிருச்சு” என்று பேசும் பிள்ளைக்கு “போய்விட்டது” என்பது முதலில் அந்நியமாகத்தான் தெரியும். அதைச் சிரிப்பும் பயமும் கலந்த குரலில் காதால் பலமுறை கேட்டுவிட்டால், அச்சில் பார்க்கும்போது பழைய சிநேகிதமாகிவிடுகிறது. ஒரே கதையை மறுபடி மறுபடி கேட்கும் பிள்ளைகளை நாங்கள் தடுப்பதே இல்லை. நாலாவது தடவை, நமக்கு முன்னால் அவர்களே வரியைச் சொல்லிவிடுவார்கள்!

அதன் பிறகு அலமாரி திறக்கும். அவரவர் விருப்பப்படி எடுக்கலாம். பிடிக்கவில்லையா, பாதியில் வைத்துவிட்டு வேறு எடுக்கலாம். பிரெஞ்சு எழுத்தாளர் தானியல் பென்னாக் 1992-ல் வெளியிட்ட நூலில் வாசகருக்குப் பத்து உரிமைகள் உண்டு என்று பட்டியல் போட்டிருக்கிறார். வாசிக்காமல் இருக்கும் உரிமை, பக்கங்களைத் தாண்டிச் செல்லும் உரிமை, புத்தகத்தை முடிக்காமல் விடும் உரிமை எல்லாம் அதில் இருக்கின்றன. எங்கள் மாடியில் அத்தனை உரிமையும் செல்லுபடியாகும். மதிப்பெண் கிடையாது, “இந்தக் கதையின் நீதி என்ன?” என்ற கேள்வி கிடையாது. அந்தச் சுதந்திரம் பிள்ளைகளை என்ன பாடுபடுத்துகிறது தெரியுமா? புத்தகமே வேண்டாம் என்று சுவரோரம் உட்கார்ந்திருந்த பையன், ஒரு நாள் பக்கத்திலிருப்பவன் தோள்மேல் சாய்ந்து தவளைக் கதையை எட்டிப் பார்ப்பான். அடுத்த வாரம் அந்தப் புத்தகத்துக்கு அவனே சண்டை போடுவான்!

புத்தகத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், இன்று தமிழில் கொட்டிக் கிடக்கிறது. பள்ளிக் கல்வித் துறை 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் எனக்கு உயிர். நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்திருக்கிறார்கள். பதினாறே பக்கம் என்பதால், “நான் ஒரு முழுப் புத்தகம் படிச்சிட்டேன்!” என்று பிள்ளை ஒரே மாலையில் தலைநிமிர்ந்து சொல்ல முடிகிறது. அதே துறையின் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களைப் பிள்ளைகளே பள்ளியிலிருந்து கொண்டுவருவார்கள். 1957-ல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்டின் நூல்கள் விலை குறைவு. சென்னைத் தூலிகாவின் படப் புத்தகங்கள் கண்ணுக்கு விருந்து. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்திலோ தமிழ்க் கதைகளை இலவசமாகவே இறக்கி, அச்செடுத்துக்கொள்ளலாம். அதே நிறுவனம் 2012-ல் தொடங்கிய ‘ஒன் டே ஒன் ஸ்டோரி’ இயக்கத்தைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? உலக எழுத்தறிவு நாளான செப்டம்பர் 8-ஐ ஒட்டி, நாடு முழுக்கத் தன்னார்வலர்கள் ஒரே கதையைத் தத்தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாசிப்பார்கள். நம் மாடியில் கேட்கும் கதையை இன்னொரு மாநிலத்தில், இன்னொரு மொழியில், இன்னொரு பிள்ளையும் கேட்கிறது என்றபோது எங்கள் பிள்ளைகளுக்கு வந்த ஆச்சரியம் இன்னும் தீரவில்லை.

எங்கள் பொக்கிஷம் வேறொன்று: இரவல் நோட்டு. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகும் பிள்ளையே தன் பெயரையும் புத்தகத்தின் பெயரையும் எழுத வேண்டும். கடைசியில் “எப்படி இருந்தது?” என்று ஒரு கட்டம். அதைப் போடச் சொன்னதே பிள்ளைகள்தான். “நல்லா இருந்துச்சு, ஆனா நரி பாவம்.” “தம்பிக்குப் படிச்சுக் காட்டினேன், தூங்கிட்டான்.” “இதுல யானை கம்மி.” இவ்வளவு உண்மையான நூல் மதிப்புரைகளை எந்தப் பத்திரிகையில் படிக்க முடியும்? எழுதவே கூசிய பிள்ளைகள் அந்தச் சின்னக் கட்டம் போதாமல் ஓரத்தில் எல்லாம் எழுதி நிரப்புகிறார்கள். திரும்பி வரும் புத்தகத்தில் மஞ்சள் கறை இருக்கும், மூலை மடிந்திருக்கும். கசங்கி வரும் புத்தகத்தைத்தான் நான் அதிகம் நம்புவேன். அது வீட்டில் கை மாறிக் கை மாறிப் புழங்கியிருக்கிறது.

2023 ஜூலை 15-ல் புது நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப் போனோம். குழந்தைகளுக்கென்றே அமைந்த பகுதிக்குள் நுழைந்ததும், “இதெல்லாம் நாம எடுக்கலாமாக்கா?” என்று ஒரு சிறுமி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எடுக்கலாம் கண்ணு, எல்லாமே உனக்குத்தான்! சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பவை அவற்றில் இரண்டு. அந்த இருவரையும் சந்திக்க வைக்கும் வேலை நமக்கு வாய்த்திருக்கிறதே, இதைவிட என்ன பாக்கியம் வேண்டும்? வாரம் முழுக்கக் கணக்கும் கோப்புமாய்ச் சோர்ந்த மனசு, இரண்டு மணி நேரத்தில் துளிர்த்துவிடுகிறது. கொடுக்கப் போகிறேன் என்று நினைத்துப் படியேறுகிறேன். ஒவ்வொரு முறையும் அள்ளிக்கொண்டுதான் இறங்குகிறேன்.

ஆகவே மன்றாடிக் கேட்கிறேன், நீங்களும் தொடங்குங்கள். பெரிய இடம் வேண்டாம், திண்ணை போதும், கோயில் மண்டபம் போதும். பத்துப் புத்தகமும் ஒரு பாயும் இருந்தால் வட்டம் தயார். பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள், அங்கே வாசகர் வட்டம் இருந்தால் அதில் சேர்ந்துவிடுங்கள். வாசிக்கப் போகும் கதையை முந்தின நாள் இரவு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். முதல் வாரம் மூன்று பிள்ளைகள் வந்தாலும் அவர்களுக்கே முழு மனதோடு வாசியுங்கள். அடுத்த வாரமும் அதே கிழமை, அதே நேரம், அதே இடத்தில் தவறாமல் இருங்கள். நீங்கள் வருவீர்கள் என்ற நம்பிக்கை மட்டும் அந்த மூவருக்கும் வந்துவிட்டால், மிச்சத் தெருவை அவர்களே கூட்டி வந்துவிடுவார்கள்!