குழலுக்கடியில் ஒரு முத்திரை

பனவடலிசத்திரத்தில் ஒரு வீட்டில் தாத்தா காலத்து இங்கிலாந்து ரெட்டைக்குழல் துப்பாக்கி உரிமத்தோடு இருக்குமானால், அதன் அழகு செதுக்கு வேலையில் இல்லை; குழலைக் கழற்றினால் அடியில் தெரியும் சோதனை முத்திரையில்தான் இருக்கிறது. 1813-ல் சட்டத்தால் அமைந்த பர்மிங்காம் சோதனைச் சாலை, வழக்கத்தைவிட அதிக மருந்து ஏற்றி வெடித்துப் பார்த்தே அதைக் குத்தியது. அந்தச் சின்னஞ்சிறு எழுத்துகளைப் போல நாணயமான கைவினை எனக்கு வேறு தெரியாது.

“நூறு வருஷம் தாங்கியது, இன்றைக்கா சிதறும்?” என்று கேட்பார்கள். துப்பாக்கி மாறவில்லை, தோட்டா மாறிவிட்டது. பழைய 12 போர் (bore) துப்பாக்கிகளின் தோட்டா அறைகள் பல 65 மி.மீ. நீளம், இன்றைய தோட்டாக்கள் பெரும்பாலும் 70. வாய் மடித்திருப்பதால் நீளத் தோட்டாவும் தடையின்றி நுழையும். சுட்டதும் மடிப்பு விரிந்து, குழல் ஒடுங்கும் இடத்தை நெருக்கி அழுத்தத்தை ஏற்றும். ஆகவே நுழைவது சான்றாகாது. ரவையைக் குறைத்தால் வலு போய்விடும் என்பதும் சரியல்ல. 28 கிராம் சீராகப் பரவினாலே போதும். கருமருந்துக்கு மட்டும் சோதித்த குழலில் புகையில்லா மருந்து கூடவே கூடாது. உள்ளே துரு அரித்திருந்தால் முத்திரையும் காக்காது. விவரமறிந்த துப்பாக்கி ஆசாரி குழலின் தடிமனை அளந்து சொல்லும்வரை அதைச் சுடக்கூடாது.