ஒரே சொல், மூன்று மருந்து

தாம்பரம் ரயில் நிலையத்தருகே பாசிமணி விற்கும் நரிக்குறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களுடைய முன்னோர் வேட்டைக்கு ஏந்தியது, குழலின் வாய் வழியே மருந்தும் ரவையும் திணிக்கும் நாட்டுத் துப்பாக்கி. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அவ்வேட்டை ஒடுங்கிவிட்டது. ஆனால் அத்துப்பாக்கியை விளக்கும் நம் அறிவியல் எழுத்துகளில் உள்ள குறை மட்டும் ஒழியவில்லை.

அக்குறை, 'வெடிமருந்து' என்ற ஒரே சொல். நாட்டுத் துப்பாக்கியின் கரிமருந்தும் வெடிமருந்து. நீலகிரியில் 1903-இல் நிறுவப்பட்ட அருவங்காட்டுத் தொழிற்சாலைக்குப் பெயர் தந்த கார்டைட்டும் வெடிமருந்து. பல்லாவரம், திரிசூலம் கல்குவாரிகளில் பாறை பிளந்ததும் வெடிமருந்து! படிக்கும் மாணவர் என்ன நினைப்பார்? இவற்றிடையே வேறுபாடு வலிமையில்தான் என்று நினைப்பார். "வலிமை அதிகமென்றால் அளவைக் குறைத்துப் போட்டால் போதாதா, ஐயா?" என்று வகுப்பில் என்னையே கேட்டிருக்கிறார்கள். போதாது. ஏன் என்று பார்ப்போம்.

ஒரு கிராம் மருந்து தரும் வெப்ப ஆற்றலில் கரிமருந்துக்கும் கார்டைட் போன்ற புகையற்ற மருந்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இல்லை. எரியும் வேகத்தில்தான் சூட்சுமம் உள்ளது. கரிமருந்து எரியும்போது அழுத்தம் உயர்ந்தாலும் அதன் வேகம் மிதமாகவே கூடுகிறது. மேலும், அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாவதில்லை. திடத்துகளாகி வெண்புகையாக வெளிவருகிறது. 1884-இல் பிரான்சில் வியேய் உருவாக்கிய புகையற்ற மருந்தோ ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிறது. அழுத்தம் உயர உயர எரிதல் விரைகிறது. எரிதல் விரைய விரைய அழுத்தம் உயர்கிறது. வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல!

குக்கரை நினைத்துப் பாருங்கள். நீராவி உண்டாகும் வேகத்துக்கு ஈடாக வெயிட் வழியே அது வெளியேறினால் ஆபத்தில்லை. துப்பாக்கியில் ரவை முன்னோக்கி நகர்வதே வாயுவுக்கு இடம் தருகிறது. ரவை நகருமுன் அழுத்தம் எகிறினால், கரிமருந்துக்கென்று செய்த பழைய குழல் பிளக்கும். பிளப்பது சுடுபவரின் கைக்கும் முகத்துக்கும் அருகில்.

ஆகவே, வாய் வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரியது, அதற்கென்றே தயாரித்த கரிமருந்து அல்லது அதற்கு ஈடாகத் தயாரிப்பாளர் குறித்த மருந்து மட்டுமே. புகையற்ற மருந்தை, தயாரிப்பாளரே வெளிப்படையாக அனுமதித்த ஓரிரு நவீன வகைகளைத் தவிர வேறெதிலும் சிட்டிகையளவும் இடக்கூடாது. அலுமினியத்தூள் கலந்த பட்டாசு மருந்து இன்னும் கொடியது. அது எந்தத் துப்பாக்கிக்கும் ஆகாது. தீபாவளிக்கு மறுநாள் வெடிக்காத பட்டாசைப் பிரித்து மருந்து சேர்க்கும் சிறுவர்களும் இதை அறிய வேண்டும்.

நூலாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கரிமருந்து, புகையற்ற மருந்து, தகர்ப்பு மருந்து என்று பிரித்து எழுதுங்கள். மற்ற துறைகளில் சொல் மயங்கினால் மதிப்பெண் குறையும். இங்கே விரல்கள் குறையும்.