மாலை ஆறரை மணிக் கூட்டம்

தொழில்துறைப் பெண்களின் மன்றங்களை ‘வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு’ என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அவை விலக்கலில் பிறந்தவை. 1868இல் சார்லஸ் டிக்கன்ஸுக்கு நியூயார்க் பத்திரிகையாளர் மன்றம் அளித்த விருந்து, ஜேன் கன்னிங்ஹாம் குரோலி போன்ற பெண் பத்திரிகையாளர்களை விலக்கிவைத்தது. குரோலி தோழியருடன் சேர்ந்து ‘சொரோசிஸ்’ மன்றத்தைத் தொடங்கினார்.

ஆண்களின் மன்றங்களில் நட்போடு வாடிக்கையாளரும் பரிந்துரையும் கைமாறின. 1977இல் கலிபோர்னியாவின் டுவார்ட்டி ரோட்டரி சங்கம் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது; அதற்காகவே தலைமை அமைப்பு அச்சங்கத்தை வெளியேற்றியது. பெண்கள் பக்கம் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வர 1987 ஆயிற்று.

இந்த வரலாற்றை மதிப்பதால்தான் இன்றைய மன்றங்களிடம் கேள்வி கேட்கிறேன். கூட்டம் மாலை ஆறரைக்கு. தலைப்பு, ‘வீட்டையும் வேலையையும் சமன்செய்வது எப்படி?’ அந்நேரம் உறுப்பினரின் குழந்தைக்குச் சோறூட்டுவது யார்? பெரும்பாலும் இன்னொரு பெண்: அம்மா, மாமியார், அல்லது வீட்டுவேலை செய்பவர். அவருடைய கூலியும் விடுப்பும் நிகழ்ச்சி நிரலில் இல்லை. கணவனின் பங்கும் இல்லை. ‘சமன்செய்தல்’ என்ற சொல் சுமையைப் பெண்ணின் தலையிலேயே விட்டுவிட்டு, அவள் நடையழகைப் பாராட்டுகிறது.

மன்றங்கள் வேண்டும், ஒருத்திக்கு ஒருத்தி வேலை சொல்லிவிடுவது பெரிய பலம். அந்தப் பலத்தோடு, தங்கள் வீடுகளில் உழைக்கும் பெண்ணுக்கு நியாயமான கூலி, சம்பளத்தோடு வார விடுமுறை என்று ஒரு தீர்மானம் போடட்டும். மகளிர் தின விருதுகளைவிட அதற்கு மதிப்பு அதிகம்.