அச்சுக்கு முந்திய 9 பக்கம்

'அச்சில் வருமுன் இணையத்தில் போட்ட ஆய்வுக்கட்டுரையை எப்படி சார் நம்புவது?' என்று கேட்கிறார் மடத்துக்குளத்திலிருந்து ஒரு கணித மாணவர். நியாயமான சந்தேகம்தான்.

2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யின் அகர்வால், கயால், சக்சேனா மூவரும், எத்தனை பெரிய எண்ணானாலும் அது பகா எண்ணா இல்லையா என்று சந்தேகமில்லாமல், விரைவாகச் சொல்லும் வழியை 9 பக்கத்தில் இணையத்தில் போட்டார்கள். இரண்டே நாளில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. 'அனல்ஸ் ஆஃப் மேத்தமேடிக்ஸ்' இதழில் அச்சேற 2004 ஆகிவிட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதல் பிரதி ஃபூவ்ரியின் கனமான தேற்றத்தின்மேல் சாய்ந்து நிற்கும். லென்ஸ்ட்ரா சொன்ன யோசனையால் அச்சுப் பிரதிக்கு அந்த ஊன்றுகோலே தேவைப்படவில்லை. என் ஓட்டு அச்சுக்குத்தான். ஆனா முதல் பிரதியை மேஜைக்குள் பூட்டியிருந்தால் இத்தனை பேர் தட்டிப் பார்த்திருப்பார்களா, சொல்லுங்கள்?

இரண்டுமே இணையத்தில் இலவசம். கோவைக்கு பஸ் ஏற வேண்டாம்.