சோடாவும் நம் பாடமும்

"ஸார், பெரிய சிலிண்டரில் இருக்கும்போது சுள்ளென்று இருக்கிற சோடா, பாட்டிலில் பிடித்ததும் பாதி கேஸ் போய்விடுகிறதே, ஏன்?"

கோவில்பட்டியில் என் மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருடைய தந்தையார் சிறிய சோடாக் கம்பெனி நடத்துகிறார். மாணவருக்கு ஹென்றி விதி தலைகீழ்ப் பாடம். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவர். ஆயினும் வீட்டுச் சோடாவுக்கு அவரால் விடை காண முடியவில்லை. குறை அவரிடம் இல்லை. என்னைப் போன்றவர்கள் பாடம் நடத்தும் முறையில் இருக்கிறது.

நாங்கள் சொல்லித் தருவது இவ்வளவுதான்: திரவத்தில் கரையும் வாயுவின் அளவு, அழுத்தத்திற்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்று 1803-ல் வில்லியம் ஹென்றி கண்டார். மூடியைத் திறந்தால் அழுத்தம் குறைகிறது, வாயு வெளியேறுகிறது. இதில் பிழை இல்லை. ஆனால் மூன்று செய்திகள் விடுபட்டுப் போகின்றன.

முதலாவது, எதனுடைய அழுத்தம்? 1767-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி, பீர் தயாரிக்கும் ஆலை ஒன்றில் நுரைத்துக்கொண்டிருந்த தொட்டிக்கு மேலே இரண்டு பாத்திரங்களைப் பிடித்து, நீரை மாற்றி மாற்றி ஊற்றினார். நம் டீக்கடைக்காரர் ஆற்றுவதுபோலத்தான். நீரில் மெல்லிய சோடாச் சுவை ஏறிவிட்டது! நாம் ஆற்றினால் வாயு போகிறது. அவர் ஆற்றியபோது வாயு ஏறியது. ஏன்? தொட்டியின் மேல் தேங்கி நின்றது கார்பன்-டை-ஆக்சைடு. ஆகவே ஹென்றி விதி கேட்பது கார்பன்-டை-ஆக்சைடின் அழுத்தத்தை மட்டுமே. பாட்டிலில் காற்றை எவ்வளவு அடைத்தாலும் அது சோடாவின் வாயுவைக் கட்டிப் போடாது. இதனால்தான் பெரிய பீர், குளிர்பான ஆலைகளில் முதலில் பாட்டிலுக்குள் கார்பன்-டை-ஆக்சைடைத் தொட்டியின் அழுத்தத்திற்கே நிரப்புகிறார்கள். பிறகு பானத்தை அமைதியாக வழியவிட்டு, மெல்ல அழுத்தத்தைக் குறைத்து மூடுகிறார்கள்.

இரண்டாவது, வெப்பம். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் 1 லிட்டர் நீர், 20 டிகிரி செல்சியசில் சுமார் 1.7 கிராம் கார்பன்-டை-ஆக்சைடைக் கரைத்துக்கொள்ளும். 40 டிகிரியில் சுமார் 1 கிராம்தான். நம் கரிசல் காட்டுச் சித்திரை வெயிலில் சோடா பிடிப்பவர், பாதி வாயுவை வெயிலுக்கே தாரை வார்க்கிறார்.

மூன்றாவது, வேகம். எவ்வளவு வாயு தங்கும் என்று விதி சொல்லும். எவ்வளவு விரைவில் போகும் என்று சொல்லாது. குமிழி பிறக்க ஓர் இடம் வேண்டும். தூசி, கீறல், ஊற்றும்போது கலக்கும் காற்றுக் குமிழிகள் எல்லாம் அதற்கு இடம் தருகின்றன. குலுக்கிய பாட்டில் பொங்குவதற்கு உள்ளே அழுத்தம் ஏறியதே காரணம் என்பார்கள். அது சரியன்று. குலுக்கும்போது கலந்த நுண்குமிழிகளே காரணம்.

இப்போது கோலி சோடாவைப் பாருங்கள். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை பெற்ற பாட்டில் அது. நீர் இருக்கும் அதே பாட்டிலுக்குள் வாயுவைச் செலுத்திச் சுழற்றுகிறார்கள். கவிழ்ந்த நிலையில் கோலி கழுத்துக்கு வந்து ரப்பர் வளையத்தில் அமர்கிறது. மாற்றி ஊற்றும் வேலையே இல்லை! கோலிதான் வாயுவைக் காக்கிறது என்கிறோம். அந்தக் கோலியைத் தாங்கிப் பிடிப்பதும் வாயுதான்.

மாணவரிடம் நான் சொன்னது: சிலிண்டரையும் பாட்டிலையும் நன்றாகக் குளிரவையுங்கள்; பாட்டிலைக் கழுவித் தூசி போக்குங்கள்; குழாயை அடிவரை இறக்கி மெதுவாகப் பிடியுங்கள். ஓர் எச்சரிக்கையும் சொன்னேன். 10 டிகிரியில் வளிமண்டலத்தைப்போல் இரண்டரை மடங்கு அழுத்தத்தில் அடங்கியிருக்கும் சோடா, 40 டிகிரியில் ஐந்தரை மடங்கைத் தாண்டும். கீறல் விழுந்த கண்ணாடி பாட்டில் அதைத் தாங்காது. வெடித்தால் கண் போய்விடும். வீட்டில் பாட்டிலுக்குள் வாயு அடைத்துப் பார்க்காதீர்கள்.

வேறொரு சோதனை செய்யுங்கள். குளிர்ந்த சோடாவைக் குளிர்ந்த டம்ளரின் ஓரமாக மெல்ல ஊற்றுங்கள். வெயிலில் வைத்த சோடாவை மற்றொரு டம்ளரில் உயரத்திலிருந்து ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து இரண்டையும் குடித்துப் பாருங்கள். பாடத்தில் விடுபட்டதை உங்கள் நாக்கே சொல்லிவிடும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்வில் "ஹென்றி விதியைக் கூறுக" என்பதோடு நிறுத்தாமல், அந்த மாணவரின் கேள்வியையும் கேளுங்கள்.